பிடித்த மீனை வீணாக்குவது: டெல்டா தூண்டில்காரர்களிடம் ஒரு கேள்வி

அரசலாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். எந்தத் தூண்டில் முள் நல்லது, எந்தத் தங்கூஸ் நரம்பு தாங்கும், எந்த மடுவில் வாளை நிற்கும் என்று இங்கே நிறைய எழுதுகிறோம். பிடித்த மீன் அப்புறம் என்ன ஆகிறது என்று யாரும் எழுதுவதில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

கும்பகோணத்தைச் சுற்றி அரசலாறு, குடமுருட்டி, கொள்ளிடம் என்று எங்கே போனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரையில் மீன் காய்ந்து கிடக்கிறது. விரலளவு ஜிலேபி, கெண்டைக்குஞ்சு, உளுவை, முள்ளைக் கழற்றப் பொறுமையில்லாமல் நரம்போடு அறுத்து வீசிய கெளுத்தி. வந்தவர்களுக்கு வேண்டியது பெரிய விரால். சின்னது மாட்டினால் அவர்களுக்கு அது தொந்தரவு, முதுகுக்குப் பின்னால் வீசிவிடுகிறார்கள். பெரிய விராலின் கதியும் மேல் என்று சொல்ல முடியாது. படம் எடுத்து முடித்ததும் சாக்கில் போட்டு பைக்கில் கட்டுகிறார்கள். அடுத்த இடம், அதற்கடுத்த இடம் என்று சித்திரை வெயிலில் சுற்றுகிறார்கள். சாக்கைத் திறக்கும்போது பாதி மீன் கெட்டிருக்கும். அது ஏதாவது ஒரு வாய்க்காலுக்குப் போகும்.

மீன் பிடிப்பதற்கு நான் எதிரி இல்லை. தூண்டில் இல்லாத ஒரு வாரம் எனக்கு நினைக்கவே கஷ்டம். பசிக்காகவும் இல்லை, விற்கவும் இல்லை, மனசுக்காகப் பிடிக்கிறவர்கள் நாம். அப்படிப் பிடிக்கிற நமக்குத்தான் பொறுப்பு கூடுதல் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மூணாறு தலைப்பு

தம்பி, நல்ல பேச்சைத் தொடங்கியிருக்கிறீர்கள். நான் நீடாமங்கலம் பக்கம். வெண்ணாறு பிரிந்து கோரையாறும் பாமணியாறும் போகிற இடத்தில் வளர்ந்தவன்.

எங்கள் காலத்தில் மேட்டூரை ஜனவரி 28-ல் அடைத்துவிட்டால், கொஞ்ச நாளில் ஆற்றில் ஓட்டம் நின்று மடுமடுவாகத் தண்ணீர் தேங்கும். ஊரே இறங்கும். ஊத்தா என்கிற கூடை, வீச்சுவலை, தூண்டில், ஒன்றும் இல்லாதவன் வெறுங்கை. அந்த மீனைப் பிடிக்காவிட்டால் பங்குனி வெயிலில் தண்ணீரோடு சேர்ந்து அதுவும் போய்விடும், கொக்கும் நாரையும் தின்றது போக மிச்சம் சேற்றிலேயே செத்துக் கிடக்கும். அதனால் அது கொள்ளையாகத் தெரியாது. வந்த மீனில் வீண் மீன் என்று தள்ளி வைத்ததும் கிடையாது. அயிரை குழம்புக்கு, ஆரல் வறுவலுக்கு, குறவை தனியாக, காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு விரால். பொடியெல்லாம் உப்புக்கண்டம். குடலையும் செதிலையும் தென்னை மரத்தடியில் புதைப்போம். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமல் மீன் குழம்பு கொதித்தது இல்லை.

இன்றைக்கு வருகிற பிள்ளைகளுக்கு விராலைத் தவிர வேறு மீனின் பெயரே தெரியவில்லை. உளுவையைக் காட்டி, இதைச் சாப்பிடலாமா என்று என்னிடம் கேட்டார்கள். பெயர் தெரியாத மீனை எறிவது அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் மீன் குறைந்ததற்குத் தூண்டில்காரன் தலையில் முழுப் பழியையும் போடக் கூடாது. வயலில் மருந்து அடிக்கிறவர்கள், ஆற்று மணல் அள்ளுகிறவர்கள், பேட்டரி வைத்து கரண்ட் விட்டுப் பிடிக்கிற பாவிகள், இவர்கள் செய்ததுதான் பெரும்பங்கு.

சுழல் தூண்டில்

பழையாறு முகத்துவாரத்தில் கொடுவா, உள்ளே வந்தால் விரால், இரண்டையும் செயற்கை இரை போட்டுப் பிடிக்கிறவன் நான். பிடிக்கிறேன், எடை பார்க்கிறேன், ஒரு படம் எடுக்கிறேன், தண்ணீரிலேயே விட்டுவிடுகிறேன். சாப்பிட்ட மீன் அத்தோடு முடிந்தது. விட்ட மீன் அடுத்த மழைக்கு ஆயிரக்கணக்கில் முட்டை போடும். வீணாக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பிடித்ததையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிற பழக்கம் ஆறு நிறைய மீன் இருந்த காலத்தில் சரி. இப்போதைய ஆற்றுக்கு அது தாங்காது.

உயிர்க்குக் குரல்

நான் மீன் சாப்பிடுவதில்லை, பிடிப்பதும் இல்லை. ஆனாலும் இந்த இழையில் எழுதத் தோன்றுகிறது.

பசித்தவன் பிடித்துத் தின்றால் எனக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும் காரணம் புரிகிறது. விடுவதற்காகவே பிடிப்பது எனக்குப் புரியவே இல்லை. வாயில் முள் ஏற்றி, ஓடவிட்டு, களைக்கவைத்து, மூச்சு முட்டத் தூக்கிப் படம் எடுத்து, அப்புறம் விட்டுவிட்டேன் என்று சொல்வதில் கருணை எங்கே இருக்கிறது? 2003-ல் பிரிட்டனில் டிரவுட் மீன்களை ஆராய்ந்து, அவற்றின் வாயிலும் முகத்திலும் வலியை உணர்த்தும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். சுவிட்சர்லாந்தில் விடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதைச் சட்டமே தடுக்கிறது. ஜெர்மனியில் தக்க காரணம் இல்லாமல் உயிருக்கு வலி கொடுக்கக் கூடாது என்பது சட்டம், சாப்பிடுவதை அங்கே காரணமாக ஏற்கிறார்கள், வெறும் விளையாட்டை ஏற்பது கஷ்டம். சுழல் தூண்டில் நண்பர் வீண் இல்லை என்கிறார். அந்த மீன் பட்ட வலி எந்தப் பயனும் இல்லாத வலி. வீண் என்றால் எனக்கு அதுதான்.

சுழல் தூண்டில்

உங்கள் கேள்வி நியாயமானது, தட்டிக்கழிக்க மாட்டேன். வலி இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆற்றோடு ஒருவனுக்கு இருக்கிற உறவு கரையில் நின்று பார்ப்பதால் மட்டும் வருவதில்லை. கொள்ளிடத்தில் தண்ணீர் கறுத்து நுரைத்தால் முதலில் சத்தம் போடுகிறவர்கள் தூண்டில்காரர்கள்தான். அந்த உறவுக்கு மீன் ஒரு விலை கொடுக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த விலையை எவ்வளவு குறைக்கலாம் என்பதைத்தான் நான் பேச முடியும்.

நாகை மீன்வளம்

நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அந்த விலையைக் குறைப்பது பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன், ஏனென்றால் "விட்டுவிட்டேன்" என்பதில் பாதி நம்பிக்கைதான் இருக்கிறது.

நீந்திப் போய்விட்டது என்பதால் பிழைத்துவிட்டது என்று ஆகாது. மீன் உடம்பின் மேல் இருக்கும் வழுவழுப்புதான் அதற்குக் காப்பு. காய்ந்த கையாலோ துணியாலோ பிடித்தால், சூடான மணலிலோ சிமெண்ட் படியிலோ போட்டால் அது உரிந்துவிடும். அந்த இடத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து, சில நாள் கழித்து நம் கண்ணில் படாத இடத்தில் மீன் சாகும். முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கியிருந்தால் இழுத்துக் கழற்றுவதைவிட நரம்பை வாயோரம் அறுத்து விடுவது மேல். முள் நுனிக்குக் கீழே பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கூர்முனையைக் குறடால் அமுக்கிவிட்டால் கழற்றுவதும் சுலபம், காயமும் சிறிது. செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்கி விட்ட மீனைப் பற்றி நான் நம்பிக்கையாக எதுவும் சொல்ல மாட்டேன்.

வெயில் காலம் தனிக்கதை. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். நம் மடுக்களில் பாசியும் அழுகலும் சேர்ந்து விடியற்காலையில் அதைவிட மிகவும் குறைந்துவிடும். அந்தத் தண்ணீரில் ரோகுவையோ கட்லாவையோ நீண்ட நேரம் நரம்பில் ஓடவிட்டுப் பிடித்துத் திரும்ப விட்டால் அது தேறுவது கஷ்டம். கோடையில் மடுவில் பிடித்தால் சாப்பிடுங்கள். விடுவதாக இருந்தால் கோடையில் போகாதீர்கள் என்பேன்.

விரால் வேறு மாதிரி. தலைக்குள் காற்றை மூச்சாக எடுக்கும் அறை அதற்கு உண்டு, தண்ணீருக்கு மேலே வந்து காற்று வாங்காமல் அதனால் இருக்கவே முடியாது. ஈரச் சாக்கில் பல மணி நேரம் உயிரோடு இருப்பது அதனால்தான். அந்த வலுவே அதற்கு எதிரியாகிவிட்டது. உயிரோடு இருந்தால் கெடாமல் புதிதாக இருக்கும் என்று சொல்லிச் சாகவும் விடாமல் வாழவும் விடாமல் வைத்திருக்கிறோம். எடுத்துப் போவது என்று முடிவு செய்த நிமிடமே தலையில் பலமாக ஓர் அடி, குடல் நீக்கம், ஐஸ். இதில் மீனுக்கும் நல்லது, குழம்புக்கும் நல்லது.

வடவாறு வாசகன்

ஆப்பிரிக்கக் கெளுத்தி, டேங்க் கிளீனர் இரண்டும் மாட்டினால் என்ன செய்வது? திரும்ப விடலாமா?

நாகை மீன்வளம்

விடாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை ஒன்றிய அரசு 2000-லேயே தடை செய்தது. அது நம் மீன்களின் குஞ்சையும் முட்டையையும் தின்று தீர்க்கும். டேங்க் கிளீனர் அலங்கார மீன் தொட்டியிலிருந்து ஆற்றுக்கு வந்தது, கரையைக் குடைந்து முட்டையிடும். ஆனால் வேண்டாத மீன் என்பதால் கரையில் எறிந்து துடிக்கவிடக் கூடாது. இரண்டுமே காற்றை மூச்சாக எடுக்கும் மீன்கள், அவ்வளவு சீக்கிரம் சாகாது. அடித்துக் கொன்று புதையுங்கள்.

ஜிலேபி பற்றியும் சேர்த்துச் சொல்கிறேன். அது 1952-ல் இந்தியாவுக்கு வந்த மீன். பெண் மீன் முட்டையை வாயிலேயே வைத்துக் காக்கும். முள்ளைக் கழற்றும்போது வாயிலிருந்து மஞ்சளாக உதிர்வது அந்த முட்டைதான். எங்கும் பெருகிக் கிடக்கிற மீன், எடுத்துப்போய்ச் சாப்பிட எந்தத் தயக்கமும் வேண்டாம். எறிவதற்குத்தான் காரணமே இல்லை.

அடுப்படி

இத்தனை பேர் எழுதியும் ஒருவர்கூட வீட்டைப் பற்றி எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

மீன் ஆற்றங்கரையில் மட்டும் வீணாவதில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு பை நிறையக் கொண்டுவந்து திண்ணையில் வைக்கிறார்கள். யார் ஆய்வது? விராலைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வழுவழுப்பு எடுக்கவே தனியாக நேரம் வேண்டும். ஜிலேபிக்குச் செதிலும் முள்ளும் கையைக் கிழிக்கும். பொடிக் கெண்டை என்றால் கேட்கவே வேண்டாம், அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க நடு இரவு ஆகும். அந்த நேரத்தில் கொடுக்க அக்கம்பக்கத்தில் யாரும் விழித்திருப்பதும் இல்லை. ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் வீடே நாறும். கடைசியில் பாதி பூனைக்கும் குப்பைக்கும் போகிறது. கொண்டுவந்தவருக்கு அது தெரியவே தெரியாது, அவர் கணக்கில் அத்தனை மீனும் சாப்பிட்ட மீன்தான்.

என் தம்பி ஒருவன் இருக்கிறான், போகும்போதே "அக்கா, இன்றைக்கு எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டுவிட்டுப் போவான். ஒரு குழம்புக்கு என்றால் ஒரு குழம்புக்குத்தான் வரும். அதுவும் கரையிலேயே ஆய்ந்து கழுவி வரும். தூண்டில் போடத் தெரிந்த கைக்கு மீன் ஆயவும் தெரிய வேண்டும் என்பது என் கட்சி. ஆய்கிற வேலை தன் தலையில் விழுந்தால் எத்தனை மீன் போதும் என்று தானாகவே தெரிந்துவிடும்.

அரசலாற்றங்கரை

அக்கா, இதை நான் தனியாக எடுத்து எங்கள் குழுவில் போடப் போகிறேன். கிளம்பும் முன்பே கேட்பது, கரையிலேயே ஆய்வது, இந்த இரண்டும் எங்கள் பேச்சில் வந்ததே இல்லை.

வடுவூர் நாரை

மீனோடு சேர்த்து நரம்பையும் பேசுங்கள். கரையில் அறுத்துப் போடும் தங்கூஸ் மக்காது. நீர்க்காகத்தின் இறக்கையிலும் நாரையின் காலிலும் சுற்றிக்கொள்கிறது. முள்ளோடு வீசிய மீனை விழுங்கும் பறவைக்கு அந்த முள்ளும் தொண்டைக்குள் போகிறது. காவிரிப் பக்கம் நீர்நாய்கள் இருக்கின்றன, அவையும் கரையில் கிடப்பதைத் தின்னும்.

குளத்துக் குத்தகை

நான் பொழுதுபோக்குக்காரன் இல்லை. மன்னார்குடிப் பக்கம் ஊராட்சிக் குளங்களை ஏலத்தில் எடுத்து மீன் வளர்க்கிறவன். பரம்பரையாக ஆற்றுமீன் பிடித்த குடும்பம். நீங்கள் பேசுகிற எல்லாவற்றையும்விடப் பெரிய வீண் ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

ஐப்பசி கார்த்திகை மழையில் விரால் செடி ஒதுக்கத்தில் முட்டை போடும். குஞ்சு பொரித்தால் செக்கச்செவேல் என்று கூட்டமாகத் திரியும். குஞ்சுக்கும் மேலே வந்து காற்று வாங்க வேண்டும், அதனால் தண்ணீர் மேலே சிவப்பாகப் பொரிந்துகொண்டே நகரும். பெற்ற விரால் அதற்குக் கீழேயே நிற்கும். ஜிலேபி வந்தாலும் பாம்பு வந்தாலும் பாய்ந்து விரட்டும். வாரக்கணக்கில் இப்படிக் காக்கும்.

தூண்டில்காரர்கள் தேடுவது அந்தச் சிவப்பைத்தான். ரப்பர் தவளையைக் குஞ்சுக் கூட்டத்தின் நடுவில் போட்டால் விரால் பசிக்காகப் பாய்வதில்லை, பிள்ளையைக் காக்கப் பாய்கிறது. எத்தனை தடவை போட்டாலும் பாயும். அதைப் படம் பிடித்து, என்ன வேகம் என்று போடுகிறார்கள். தூக்கிக்கொண்டு போனால் ஒரு விரால் மட்டும் போகவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் குஞ்சுகளை ஜிலேபியும் கெண்டையும் கெளுத்தியும் தின்று முடித்துவிடும்.

என் குளத்தில் விரால் என் ரோகுக் குஞ்சைத் தின்கிற மீன், எனக்கு நஷ்டம்தான். ஆனாலும் குஞ்சோடு திரியும் விராலை எங்கள் வீட்டில் யாரும் தொட்டதில்லை. வலையில் வந்தாலும் அதே இடத்தில் இறக்கிவிடுவோம்.

சுழல் தூண்டில்

அண்ணே சொல்வது உண்மை. எங்களிடையே இதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். அவர்கள் சொல்கிற பதில், "உடனே விட்டுவிடுகிறோம், திரும்பக் குஞ்சிடம் போய்விடும்" என்பது. நாகை நண்பரே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நாகை மீன்வளம்

வட அமெரிக்காவில் கூடு கட்டிக் காக்கும் பாஸ் மீன்களில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். காவல் மீனைக் கொஞ்ச நேரம் அகற்றினாலே மற்ற மீன்கள் புகுந்து முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகின்றன. திரும்பி வந்த மீனும் களைத்துப்போய்க் கூட்டைக் கைவிடுவது உண்டு. விராலும் அதே மாதிரி காவல் காக்கிற மீன். நம் குளங்களில் குஞ்சு தின்னிகள் அதிகம். பிடித்த இடத்துக்கும் விடுகிற இடத்துக்கும் நடுவில் எடை பார்த்தல், படம் எடுத்தல், இன்னொரு படம் என்று போகிற நேரமே போதும், கூட்டம் சிதறிவிடும். உடனே விட்டேன் என்பது இங்கே செல்லாது. குஞ்சு தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு நகர்வதுதான் ஒரே வழி.

வெடிக்கும் விஷத்துக்கும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. குஞ்சோடு இருக்கும் விராலைத் தூண்டிலில் பிடிக்காதே என்று யாரும் கரையில் வந்து நிற்கப் போவதில்லை. தூண்டில்காரர்களே ஒருவருக்கொருவர் சொன்னால்தான் உண்டு. அந்த வீடியோவைப் பார்த்தால் பாராட்டாமல் கீழே இதை எழுதுங்கள்.

உயிர்க்குக் குரல்

குத்தகைக்கார அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு, மீன் பிடிக்கிற எல்லோரையும் ஒரே வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. விளையாட்டுக்காகப் பிடிப்பது தப்பு என்ற கருத்தில் மாற்றம் இல்லை. ஆனால் கோடையில் போக மாட்டேன், குஞ்சு மேல் போட மாட்டேன், ஒரு குழம்புக்கு மேல் எடுக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவரோடு என்னால் பேச முடியும்.

மூணாறு தலைப்பு

பேசுவோம் தம்பி. நான் ஒன்று கேட்கிறேன், குத்தகைக்கார அண்ணனிடம்தான். இந்தப் பிள்ளைகள் பொதுக்குளம் என்று நினைத்துக் குத்தகைக் குளத்தில் இறங்கிவிடுகிறார்கள். காசு போட்டுக் குஞ்சு விட்டவன் வயிற்றில் அடிப்பதும் இந்தக் கணக்கில் வர வேண்டும் இல்லையா?

குளத்துக் குத்தகை

வர வேண்டும் ஐயா. தெரியாமல் வருகிறவர்கள் பாதிப் பேர், தெரிந்தே இரவில் வருகிறவர்கள் மீதி. கட்லாவை முள் போட்டு இழுத்து, அறுந்து போனால் அந்த மீன் வாயில் முள்ளோடு தீனி எடுக்காமல் கிடந்து சாகும். காலையில் நான்தான் மிதக்கிறதை அள்ளுகிறேன்.

கேட்டு வந்தால் நான் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. என் குளங்களில் ஜிலேபி மண்டிக் கிடக்கிறது, ரோகுவின் தீனியைத் தின்றுகொண்டு. அதைத் தூண்டிலில் எடுத்துப்போனால் எனக்கு உதவிதான், காசும் வேண்டாம். சித்திரைக் கடைசியில் பெரிய குளத்தை இறைக்கப் போகிறேன். அப்போது வந்தால் எந்த மீன் எது என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன், ஆயவும் கற்றுத்தருகிறேன். முழங்கை நீளத்துக்குக் குறைந்த விராலெல்லாம் பக்கத்துக் குளத்துக்கு மாற்றுகிறோம், தூக்க ஆளும் வேண்டும்.

அரசலாற்றங்கரை

அண்ணே, எங்கள் குழுவிலிருந்து நிச்சயம் வருகிறோம். பெட்டி, கத்தி எல்லாம் நாங்களே கொண்டுவருகிறோம். வேறு என்ன வேண்டும்?

குளத்துக் குத்தகை

விடிவதற்குள் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் சேற்றில் இருக்கிற மீன் தாங்காது. எத்தனை பேர் என்று முதல் நாளே சொல்லுங்கள். ஐஸ் மன்னார்குடியிலிருந்து எடுத்துவர வேண்டும், எத்தனை பார் வாங்குவது என்று எனக்குத் தெரிய வேண்டும்.